நாற்பது நிமிடம் முந்திய கடிகாரம்

மேசைமேல் இருந்த பெட்டியின் கடிகாரம் முந்திப் போய்க்கொண்டிருந்தது. சுவரில் மணி மூன்று. பெட்டியில் மூன்று நாற்பது.

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. கரண்ட் போனாலும் நிற்காமல் ஓடுகிற கடிகாரச் சிப்போடு கம்ப்யூட்டர் பேசுவதற்கு டிரைவர் என்கிற இணைப்பு நிரல் எழுதுவதுதான் பத்து வருஷமாக அவன் பிழைப்பு. ஒவ்வொரு சர்க்யூட் போர்டுக்கும் ஒரு குணம். ஒன்று தேதியை மறக்கும், இன்னொன்று பேட்டரி தீர்ந்ததைச் சொல்லவே சொல்லாது. அதனால் போர்டுக்குப் போர்டு தனியாக ஒரு வரி ஆணை எழுதியாக வேண்டும். சோம்பல் வந்தால் பக்கத்து போர்டின் வரியைச் சுட்டு ஒட்டிவிடுவது அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம். மத்தியானம் அவனும் அதைத்தான் செய்திருந்தான். ஒட்டியது என்னவென்று இப்போதுதான் நிதானமாகப் படித்தான். சிப் சொல்வதே நேரம். அதை யாரும் திருத்தக் கூடாது. மற்றதெல்லாம் அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

"அட மடையா!" என்று தன்னையே திட்டிக்கொண்டு வரியை மாற்றினான். பெட்டியை அணைத்துப் போட்டான். மறுபடியும் அதே நாற்பது நிமிடம். சிப் அந்தப் பழைய வரியை உள்ளுக்குள் பூட்டிக்கொண்டுவிட்டது.

அது மூச்சு எண்ணுகிற பெட்டி. பக்கத்து அறைத் தொட்டிலில் தூங்கும் மகள் குறைமாதத்தில் பிறந்தவள், கைக்கடக்கமாக இருப்பதால் வீட்டில் அவளுக்குச் சிட்டு என்று பெயர். அவள் மார்பைச் சுற்றிய பட்டை ஒவ்வொரு மூச்சையும் பெட்டிக்குச் சொல்லும். "உங்க பெட்டிய நம்பித்தான் போறேன், நாலு மணிக்கெல்லாம் வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு மனைவி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

பதிவுகளைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தான். நிமிடத்துக்கு முப்பத்தெட்டு, நாற்பது, முப்பத்தொன்பது. மூன்று பத்துக்கு மட்டும் 'அழுகை, இரண்டு நிமிடம்' என்று இருந்தது. மூன்று பத்தா? பெட்டி அதைப் பதிந்தபோது சுவரில் இரண்டரைதான், அப்போது அவள் அழவே இல்லை. சுவரில் இன்னும் மூன்று ஐந்துகூட ஆகவில்லையே.

சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது, குழாயிலிருந்து ஒரு சொட்டு நிதானமாகத் திரண்டு பாத்திரத்தில் விழுந்தது, பெட்டியின் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் குழந்தைப் பவுடர் வாசனையும் கலந்து அறை முழுக்க நின்றது, சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் பத்தாம் நிமிடத்தைத் தொட்டது. சிட்டு அழுதாள். சரியாக இரண்டு நிமிடம் அழுதுவிட்டு, தானாகவே நிறுத்தினாள்.

அவன் ஓடிப்போய் மார்பிலிருந்த பட்டையைக் கழற்றி எறிந்தான். சிட்டு வெதுவெதுப்பாக இருந்தாள், கொட்டாவி விட்டாள், அவன் விரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். பட்டைதான் இல்லையே, இனி எண்ண முடியாது என்று திரும்பி வந்து பார்த்தால், பெட்டி எண்ணிக்கொண்டிருந்தது. நாற்பது. முப்பத்தொன்பது. முப்பது. பதினொன்று.

பெட்டியில் மணி நான்கு ஐந்து. மூச்சு, பூஜ்யம்.

நான்கு ஆறு. பூஜ்யம்.

நான்கு ஏழு.

சுவரில் மூன்று இருபத்தேழுதான். இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் இருந்தது. டாக்டருக்குப் போன் போட்டான், மணி அடித்தே ஓய்ந்தது. அடுத்து மனைவிக்குப் போட்டான், எடுத்தாள். "வந்துட்டே இருக்கேங்க. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?" எந்த வாயால் சொல்வது? "சீக்கிரம் வா" என்று மட்டும் சொன்னான். திரும்ப வரியை மாற்றினான், அழித்தான், டிரைவரையே பிடுங்கினான். சிப் கேட்கவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் ஓடிப்போய்ச் சிட்டின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தான். மூச்சு இருந்தது. ஆனால் சுவரில் நான்கு மணி தாண்டியதும் இடைவெளி விட்டு விட்டு வந்தது.

சுவரில் மணி நான்கு நான்கு.

கரண்ட் ஒயரைப் பிடுங்கினான். திரை செத்தது. சிப் பக்கத்திலிருந்த பச்சைப் புள்ளி மட்டும் துடித்தது. அதற்குத் தனிப் பேட்டரி, ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு. நகம் பிய்ந்தது. ரத்தம். நெம்பினான். வந்துவிட்டது.

புள்ளி அணைந்தது.

சுவரில் நான்கு ஐந்து. நான்கு ஆறு. உயிர் போய் உயிர் வந்தது அவனுக்கு. "ஜெயிச்சுட்டோம்டி சிட்டு!" என்று கத்திக்கொண்டே தொட்டிலுக்கு ஓடினான்.

அவள் கண் திறந்திருந்தது. உதட்டில் நிறம் இருந்தது. கன்னம் சுட்டது. மார்பு மேலே ஏறியிருந்தது.

இறங்கவில்லை.

காத்திருந்தான். இறங்கவில்லை. கடைவாயில் ஒரு பால் குமிழி, உடையாமல் அப்படியே நின்றது. மற்றதெல்லாம் சிப்புக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். சிப் நின்றுவிட்டது. பேட்டரியைத் திரும்பப் போட்டால் அந்த மூச்சு வெளியே வரும். பிறகு அவளுடைய நான்கு ஐந்தும் வரும், பூஜ்யத்தோடு.

வாசல் கதவில் சாவி திரும்பியது. "ஏங்க, வந்துட்டேன். தூங்குறாளா?"

அவன் உள்ளங்கையில் பேட்டரி ஈரமாக ஒட்டியிருந்தது. தொட்டிலில் சிட்டு, இழுத்த மூச்சை விடாமல், அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.