நல்ல அளவு

மின்விசிறி அறையின் நடுவில் இல்லை.

கட்டிலில் மல்லாந்து படுத்த பிறகுதான் நாராயணி அதைக் கண்டாள். நான்கு வருடமாக அவள் பார்த்தபடியே தூங்கிப்போன விசிறி. இன்று வலது பக்கச் சுவரோரமாக ஒதுங்கிச் சுற்றியது.

"விசிறிய இடம் மாத்துனீகளா?"

"விசிறி அங்கனயேதான் இருக்கு. சுவருதான் உள்ள வந்திருக்கு," என்றான் காளிராஜ்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் ஐந்து நாள் இருந்துவிட்டு அன்றுதான் ராஜபாளையம் திரும்பியிருந்தாள். வெள்ளையடிக்கப் போகிறேன், நெடி உனக்கு ஆகாது என்று சொல்லி அவன்தான் காரை மெல்ல ஓட்டிக் கொண்டுபோய் விட்டான். வெள்ளை அடித்துத்தான் இருந்தது. வெள்ளைக்குக் கீழே ஈரச் சிமென்ட் மணந்தது.

அவன் போனைக் காட்டினான். மனையடி பார்க்கும் செயலி. அறையின் நீளத்தை அடிக்கணக்கில் போட்டால் அந்த அளவு குடியிருக்க ஆகுமா ஆகாதா என்று சொல்லும். பதினான்கு போட்டான். திரை சிவந்தது. நஷ்டம் என்று ஒரே சொல். பதினொன்று போட்டான். பச்சையில் ஒரு டிக். மக்கட்பேறு.

"பதினாலுல படுத்துக் கெடந்திருக்கோம். நாலு வருசமா," என்றான்.

இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. ஒன்று ஐந்தாம் மாதம், ஒன்று ஆறாம் மாதம். இப்போது ஏழு நடக்கிறது. இத்தனை தூரம் எதுவும் வந்ததில்லை.

அவள் இல்லாத ஐந்து நாளில் எழுப்பிய நாலரை இஞ்ச் செங்கல் சுவர். அதற்கும் சந்துப்பக்கப் பழைய சுவருக்கும் இடையில் இரண்டரை அடி. கதவு கிடையாது, ஜன்னல் கிடையாது.

"அதுக்குள்ள என்ன இருக்கு?"

"என்ன இருக்கும். காத்து."

காளிராஜ் பேண்டேஜ் துணி மில்லில் தரம் பார்ப்பவன். துணியின் அகலம், நீளம், இழை எல்லாவற்றையும் காலையிலிருந்து மாலை வரை அளப்பது வேலை. அளந்துவிட்டால் எந்தத் தொல்லையும் பாதி தீர்ந்தது என்பான். மீதிப் பாதிக்கு அவன் போனில் ஏதாவது ஒரு செயலி இருக்கும். மில்லில் இருந்தபடியே வீட்டு மோட்டாரைப் போடுவான். தண்ணீர் குடி என்று மணிக்கொரு தரம் அவள் போன் கூவும். மாத்திரைக்கு வேறு கூவல். பேட்டரி போன பழைய போன் ஒன்றைச் சார்ஜரோடு அலமாரியில் சாய்த்து வைத்துக் கேமராவாக்கியிருந்தான். பிரசவம் வரை படுக்கைதான், ஒட்டியிருக்கும் குளியலறைக்கு மட்டும் எழலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் ஜன்னலுக்குப் போனால் அரை நிமிடத்தில் அழைப்பு வரும்.

"ஏட்டி, எதுக்கு எந்திரிச்ச?"

"காத்து வரல."

"விசிறிய ஒரு நம்பர் கூட்டுதேன். படு."

தலைக்கு மேல் விசிறி வேகம் பிடிக்கும். அவள் படுப்பாள்.

மதியத்தில் தெரு ஓய்ந்துவிடும். இரண்டு வீடு தள்ளி ஓடும் தறியின் கடகடப்பு மட்டும் தரை வழியாக வந்து கட்டில் காலில் ஏறி முதுகில் அதிரும். நூல் அறுந்து தறி நிற்கிற சில நொடிகளில், புதுச் சுவரின் செங்கல் ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய சீறலும், அதற்கும் உள்ளே, தூக்கத்தில் யாரோ ஒருக்களித்துப் படுப்பதுபோல ஏதோ புரள்கிற ஓசையும் கேட்கும்.

எலி என்று நினைத்துக்கொண்டாள். எலிக்கு அவ்வளவு கனம் கிடையாது.

மூன்றாம் நாள் விசிறியைப் பார்த்தாள். வந்த அன்று இறக்கை நுனிக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம். இப்போது அங்கே ஓர் ஆள் பக்கவாட்டில்கூட நிற்க முடியாது.

மாலையில் காளிராஜ் அளக்கும் செயலியைத் திறந்து போனை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகர்த்தினான். பத்து அடி. டேப்பை எடுத்து இழுத்தான். பத்து அடி. கொஞ்ச நேரம் டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மனையடியில் பத்து என்று போட்டான். பச்சை.

"கொத்தனாரு ஒரு அடி கூடத் தள்ளிக் கட்டிட்டாரு போல. பரவால்ல. பத்தும் நல்லதுதான்."

"திங்கக்கெழம பதினொண்ணுன்னு காட்டுனீகளே."

"அது நான் போட்ட நம்பருட்டி. அளந்து காட்டல."

வியாழக்கிழமை மதியம் ஜன்னலில் நிழல் விழுந்தது. தலையில் துண்டு கட்டிய ஆள் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"அண்ணாச்சி இல்லையா? நான் சீனிச்சாமி, கொத்தனாரு. சுவரு கட்டும்போது தூக்குக்குண்ட விட்டுட்டுப் போயிட்டேன்."

நாராயணி கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். அவர் கண் அவள் வயிற்றில் நின்றது.

"எத்தன மாசம் தாயி?"

"ஏழு."

அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"வீட்டுல மாசமா யாரும் இருக்காகளான்னு கேட்டுட்டுத்தான் தாயி நூலு பிடிச்சேன். யாரும் இல்லன்னாரே."

"இருந்தா என்ன?"

"வயித்துப்பிள்ளக்காரி இருக்கிற வீட்டுல எந்த இடத்தையும் புதுசா அடைக்க மாட்டோம். ஒரு பொந்தக்கூட மூட மாட்டோம்."

"அடைச்சா?"

அவர் அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். தறி நின்றிருந்தது.

"அவுக வந்ததும் உடைக்கச் சொல்லுதேன்," என்றாள்.

"வேண்டாம் தாயி." சட்டென்று சொன்னார். "அடைச்சது தப்பு. இப்ப உடைச்சா அதவிடத் தப்பு. நல்லபடியா பொறக்கட்டும். பொறவு நானே வந்து உடைச்சுத் தாரேன்."

தூக்குக்குண்டைக் கேட்காமலே போய்விட்டார். போன் அடித்தது.

"யாரு ஜன்னல்ல?" என்றான் காளிராஜ்.

அன்று மாலை அவன் பொய்யை மறைக்கவில்லை. "சொன்னா கட்ட மாட்டாரு. அதான் சொல்லல. ஆப்புல அப்படி ஒண்ணும் போடலயே."

"நான் அம்மா வீட்டுக்குப் போறேன்."

"போன தடவ கார்ல போனதுக்கே டாக்டரு ஏசுனாக. வழியில ஏதாவது ஆச்சுன்னா?"

ஆறு மாதமாக அவளைக் கட்டிலோடு கட்டிவைத்திருந்த கேள்வி அது.

அவளைத் தேற்றுவதற்கு அவள் போனில் அவன் புதிதாக ஒரு செயலியை இறக்கினான். போனை வயிற்றின் மேல் வைத்தால் உள்ளே துடிப்பது கேட்கும். குளிர்ந்த கண்ணாடி தொப்புளுக்குக் கீழே பட்டது. முதலில் இரைச்சல். பிறகு அதற்குள்ளிருந்து மேலேறி வந்தது. தொப் தொப் தொப் தொப். ஓடிவருகிற குளம்புபோல. காளிராஜின் கண் நிறைந்தது. போனை மெத்தையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனான்.

தொப் தொப் தொப் தொப்.

நாராயணி கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே கிடந்தாள். போன் அவள் மேல் இல்லை. சுவரோரம் கிடந்தது.

எடுத்து வயிற்றில் வைத்தாள். கேட்டது. சுவரில் வைத்தாள். கேட்டது. இரண்டும் ஒரே ஓட்டம்.

வெள்ளிக்கிழமை சுவரில் சத்தம் கூடியிருந்தது. வயிற்றில் குறைந்திருந்தது. பிள்ளை உதைத்தால் வலது விலாவில் தெரியும். அதே நொடி சுவருக்குள்ளும் ஓர் உதை பொத்தென்று விழும். சனிக்கிழமை விலாவில் ஒன்றும் தெரியவில்லை. சுவரில் மட்டும் விழுந்தது. போனை அழுத்தி வைத்தால் வயிற்றில் இன்னும் கேட்டது, தூரத்துத் தெருவில் யாரோ நடப்பதுபோல.

ஞாயிறு காலை அவளை எழுப்பியது வேறு சத்தம்.

டக். டக். டக். டக்.

விசிறியின் இறக்கை சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைப் பூச்சு உதிர்ந்து அவள் முகத்தில் விழுந்திருந்தது.

காளிராஜ் விசிறியை நிறுத்தி டேப்பை இழுத்தான். எட்டு அடி. ஒன்பது கெட்ட எண். அதில் அறை ஓர் இரவுகூட நிற்கவில்லை. போனில் எட்டு என்று போட்டான். பச்சை. பாக்கியம்.

"எட்டும் நல்லதுதான்," என்றான்.

"என்னங்க."

"செவ்வாக்கெழம ஸ்கேன் இருக்குல்லா. எல்லாம் தெரிஞ்சிரும்."

"பிள்ள அசையல."

"போன வையி."

வைத்தாள். தொப் தொப் என்று கேட்டது. அவன் மூச்சு விட்டான். வயிற்றில் வைத்த போனின் மறுமுனை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்ததை அவன் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள். நகர்த்தவில்லை.

திங்கட்கிழமை, அரை நாளில் வந்துவிடுகிறேன் என்று மில்லுக்குப் போனான். அன்று ஊரில் மாத மின்தடை. ஒன்பது மணிக்குத் தறி நின்றது. அலமாரியில் கேமராவின் சிறு விளக்கு அணைந்தது. மூடிய அறையில் சுண்ணாம்பும் வேர்வையும், கூடவே பால் திரிந்ததுபோன்ற ஒரு வாடையும் எழுந்து, அவள் மூச்சு இழுக்க இழுக்க நெருங்கி, தொண்டையில் வந்து உட்கார்ந்தது.

சுவர் நகர்வதை அவள் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கண்ணிமைத்த பிறகு அது கிட்டத்தில் இருந்தது.

கட்டில் கால் தரையில் கீறியது.

மறுபடி கீறியது.

எழுந்து கதவை இழுத்தாள். உள்பக்கம் திறக்கும் கதவு. ஒரு சாண் வந்தது. கட்டிலில் இடித்து நின்றது.

கட்டிலைத் தள்ளினாள். மறு பக்கம் சுவர். அது அசையவில்லை.

அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். பிறகு அவனை. வெகுநேரம் கழித்துத்தான் எடுத்தான்.

அம்மா முத்தாத்தாள் பஸ் பிடித்து வந்தபோது மணி பதினொன்று. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் முகம் வந்தது. வேர்த்திருந்தது.

"கதவத் தொறட்டி."

"தொறக்கலம்மா."

அம்மா உள்ளே பார்த்தாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். "என்னட்டி ரூம்பு இது. தொட்டி மாரி இருக்கு."

வண்டிச் சத்தம். ஓடிவரும் காலடி. கதவு முட்டியது. ஒரு சாண் இடுக்கில் காளிராஜின் பாதி முகம். அவன் அறையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கை தன் பாட்டுக்குப் போனை உயர்த்தி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நகர்த்தியது.

"ஆறு," என்றான்.

விரல் திரையைத் தொட்டது. பச்சை வெளிச்சம் அவன் கன்னத்தில் விழுந்தது.

போன் கீழே விழுந்தது. அவன் ஓடினான். பின்கட்டில் இரும்பு இழுபடும் சத்தம். பிறகு பக்கத்துச் சந்தில் காலடி.

"மாப்ள கடப்பாரையோட போறாக," என்றாள் அம்மா. "வெளிச்சுவர உடைச்சிருவாக. செத்த நேரம் பொறு தாயி."

நாராயணி போனை வயிற்றில் வைத்தாள்.

இரைச்சல்.

இடப்பக்கம் வைத்தாள். வலப்பக்கம். கீழே. இரைச்சல் மட்டும்.

சுவரில் வைக்க வேண்டியிருக்கவில்லை. வெறும் காதிலேயே கேட்டது. தொப் தொப் தொப் தொப். திடமாக. ஆசையாக.

ஒருக்களித்தாள். வயிறு சுவரில் பட்டது. சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளங்கையை வைத்தாள். பூச்சுக்கு அடியில் சின்னதாக ஒன்று உருண்டு வந்து கைக்குள் முட்டியது. குதிகால். சுண்டைக்காய் அளவு. உள்ளங்கைக் குழியில் சரியாகப் பொருந்தியது.

அவள் அதை மெல்லத் தடவிக்கொடுத்தாள். அது அடங்கியது.

"அம்மா. அவுகள நிறுத்தச் சொல்லு."

"என்னட்டி சொல்லுத?"

"உடைக்க வேண்டாம். பிள்ள இங்கன இருக்கு."

"எங்கன இருக்கு?"

"நான் வெளிய வரல. இப்படியே கெடக்கேன். ரெண்டு மாசந்தான. சொல்லும்மா."

அம்மா அசையவில்லை. சந்தில் அவன் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது.

"என்னங்க," என்றாள் நாராயணி. "வேண்டாங்க."

முதல் அடி விழுந்தது.

குதிகால் கையை விட்டு விலகியது.

துடிப்பு நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. மறுபடி தொடங்கியது. இப்போது வேறு ஓட்டம். தடுமாறி.

இரண்டாவது அடி.

வெள்ளைப் பூச்சில், அவள் விரல்களுக்கு நடுவே, முடி அளவு ஒரு கோடு விழுந்தது. கோட்டில் ஈரம். அவள் அதை விரலால் அடைத்தாள். விரலைச் சுற்றிக் கசிந்தது. உள்ளங்கையால் அடைத்தாள். மணிக்கட்டு வழியே இறங்கியது. நிறமில்லாத, இளஞ்சூடான, கொழகொழப்பான தண்ணீர். முழங்கையில், மார்பில், அசையாத அவள் வயிற்றில் வழிந்து, மெத்தையில் ஊறி, கட்டிலிலிருந்து தரைக்கு ஒழுகியது. பனிக்குடத்துத் தண்ணீர். அவள் காலுக்கிடையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அடி நின்றது.

பிறகு சுவர் இறுகியது. அந்த ஒரு சுவர் மட்டுமில்லை. நான்கும், தரையும், கூரையும். அவளைச் சுற்றி ஒரு முறை இறுகி, எலும்பு நெரிய நின்று, தளர்ந்தது.

மறுபடி இறுகியது.