ஏழாவது பொத்தான்

ஸ்கேன் எடுத்தது தையல்காரருக்கு. இருமல் நிற்காதது அவர் மனைவிக்கு.

முப்பத்தைந்து வருடம் விடாமல் சிகரெட் பிடித்தவருக்கு நுரையீரலில் ஒன்றுமில்லை என்று காகிதம் வந்துவிட்டது. மார்தட்டிக்கொண்டு வீடு வந்தவர், அந்த ஜோரிலேயே தையல் மிஷின் கிடக்கும் முன்னறைக்கு வெள்ளையடிக்கப் போவதாகவும், நாளையிலிருந்து சிகரெட்டைத் தலைமுழுகப் போவதாகவும் அறிவித்தார். இரண்டாவதை அவள் நூறு தடவை கேட்டிருக்கிறாள். சிரித்தாள், இருமினாள், அடுக்களைக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அவளும் தயங்கித் தயங்கி, தனக்கும் ஒரு படம் எடுப்பார்களா என்று கேட்டிருந்தாள். இது ரொம்ப நாள் புகைத்தவர்களுக்கான பரிசோதனை, உங்கள் இருமலுக்குத் தனியாக டாக்டரைப் பாருங்கள் என்றாள் நர்ஸ். அவர்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீ எப்பம்மா சிகரெட் பிடிச்ச? வா, போலாம்."

மதிய வெயில் முன்னறையின் அடைத்த ஜன்னலின் இடுக்கு வழியே கோடாக விழுந்துகொண்டிருந்தது. தெருத்தூசி வாடிக்கையாளரின் வெள்ளைத் துணியில் படக்கூடாது என்று அந்த ஜன்னலை அவர் திறந்ததே இல்லை. மிஷின் எண்ணெய் வாசனையும் இஸ்திரி ஆவியும் சுவரில் ஊறிய பழைய புகை நாற்றமும், வெள்ளையடிக்குமுன் அவர் துடைத்த ஈரத்துணி பட்டதும் ஒன்றாகக் கிளம்பின. சுவர் முழுக்க டீக்கறை நிறம். முப்பது வருடமாக அவள் உட்கார்ந்து காஜா எடுத்து, பொத்தான் தைத்த நாற்காலியைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தினார்.

பின்னால் சுவர் ஓர் ஆள் உருவத்துக்கு வெள்ளையாக இருந்தது. சாய்ந்த தலை. இறங்கிய தோள். ஊசியோடு மடங்கிய கை.

கழுத்து டேப்பை எடுத்துத் தோளை அளந்தார். பதினாலரை. அவள் ரவிக்கை அளவு அவருக்கு மனப்பாடம். சுவருக்குப் போகவேண்டிய புகை அந்த இடத்தில் மட்டும் சுவருக்குப் போகவில்லை. எங்கே போனது என்று அவருக்குப் புரிந்தது. அவளைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதைத்தான் இத்தனை காலமும் பாசம் என்று நினைத்திருந்தார்.

அடுக்களையில் இருமல் கேட்டது.

வெள்ளை உருவத்தின் கழுத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் புள்ளி. சட்டைப் பொத்தான் அளவு. தேய்த்தார். போகவில்லை.

மறுபடி இருமல். புள்ளிக்குக் கீழே இன்னொரு புள்ளி. நாலு விரல் இடைவெளி. பொத்தானுக்குப் பொத்தான் அவள் விடும் கைக்கணக்கு.

"இருமாதம்மா," என்றார். "கொஞ்சம் அடக்கிக்க. இப்பவே டாக்டர்கிட்ட போயிரலாம்."

"அடக்குனா நிக்கிற இருமலா இது? அதான் உங்களுக்கு ஒண்ணுமில்லன்னுட்டாங்களே, அது போதும் எனக்கு."

சிரித்தாள். சிரிப்பு இருமலானது.

மூன்று. நான்கு.

அவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே தேய்த்தார். சுண்ணாம்பு உதிர்ந்தது. பொத்தான்கள் உதிரவில்லை.

ஐந்து. ஆறு.

ஒரு சட்டைக்கு ஏழு. ஏழாவதைத் தைத்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். சட்டையை மடித்து ஓரமாக வைத்துவிடுவாள்.

ஏழாவதுக்கான இடத்தை உள்ளங்கையால் பொத்தினார். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சுவிடும் நெஞ்சு போல ஏறியது. இறங்கியது.

அடுக்களையில் அவள் மூச்சை இழுத்தாள்.

அவர் உள்ளங்கையில், சுவருக்குள்ளிருந்து, ஊசி ஏறியது.