பிணத்துக்கு ஒரு மூட்டை உப்பு

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் செல்வநாதன் டீ கிளாஸைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தார். மரக்காணம் கடற்கரையில் 1974 மே மாத வெயிலுக்குக் குற்றவாளிகளே வெளியே வருவதில்லை. அதனால் அவர் மூன்றாவது டீயில் இருந்தார்.

"ஹலோ... போலீஸ் ஸ்டேஷன்!"

"சார்... நான் தட்சணாமூர்த்தி! பெருமுக்கல் தாண்டி நீர்த்தேக்கத்துல மீன் சர்வே பண்றாங்களே... அந்த ஆபீஸ் அசிஸ்டென்ட் சார்!"

"சொல்லுங்க."

"வலையில... பெருசா ஒண்ணு சிக்கியிருக்கு சார்!"

"சந்தோஷம். பெரிய மீன் சிக்கினா மார்க்கெட்டுக்கு போன் பண்ணுங்க. எனக்கு எதுக்கு?"

மறுமுனையில் எச்சில் விழுங்கும் சத்தம்.

"அது... சட்டை போட்டிருக்கு சார்!"

டீ கிளாஸ் கீழே இறங்கியது.

ஜீப் போய்ச் சேர்ந்தபோது பிணம் கரையில் கிடந்தது. கட்டம் போட்ட சட்டை. காக்கி பேண்ட். முகத்தில் மீன்கள் தங்கள் சர்வேயை ஏற்கெனவே முடித்திருந்தன.

கான்ஸ்டபிள் பக்தவச்சலம் மூக்கைப் பொத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றார். துப்பு துலக்குவதற்கு அதுதான் அவர் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் தூரம்.

"யாருய்யா இது?"

"எங்க சர்வே ஆபீசர் காசிலிங்கம் சார்தாங்க!" தட்சணாமூர்த்தி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தான். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, வெள்ளைச் சட்டை ஆசாமி. "போன வாரம் திண்டிவனம் போறேன்னு கிளம்பினாரு. திரும்பவே இல்ல சார்!"

"மூஞ்சியே இல்லையே. எப்படிச் சொல்றே?"

"அந்தச் சட்டை சார்! தீபாவளிக்கு எடுத்தது! நான்தான் கூடப் போயி..." அதற்கு மேல் பேச முடியாமல் விம்மினான்.

"சரி சரி. என்னதான்யா சர்வே பண்றீங்க இங்க?"

"மீனை எண்றோம் சார்."

"தண்ணிக்குள்ள கிடக்கற மீனை எப்படிய்யா எண்ணுவீங்க? வரிசையா நில்லுன்னு விசில் ஊதுவீங்களா?"

அழுகை நின்றது. தொழிலைப் பற்றிக் கேட்டால் அவனுக்குத் துக்கம் மறந்துவிடும் போலிருந்தது.

"மொதல்ல வலை போட்டுக் கொஞ்சம் மீன் புடிப்போம் சார். மீன் துடுப்புல நைலான் நூலால சின்னதா ஒரு அடையாள வில்லை கட்டி, திரும்பத் தண்ணியில விட்டுடுவோம். அப்புறம் மறுபடி வலை போடுவோம். வர்ற மீன்ல எவ்வளவு வில்லையோட வருதுன்னு பாத்தா, மொத்தம் எவ்வளவு மீனுன்னு கணக்கு வந்துடும்!"

"முழுசா எண்ணாமலேயே?"

"முழுசா எண்ணாமலேயே சார்!"

"அடேங்கப்பா! நாங்க கேஸ் முடிக்கற மாதிரியே இருக்கே!"

செல்வநாதன் குனிந்தார். பிணத்தின் இடுப்பில் தேங்காய் நார்க் கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு கோணிச் சாக்கு. சாக்கின் வாய் இறுக்கித் தைத்தபடி இருந்தது. எங்கும் கிழியவில்லை. ஆனால் உள்ளே... ஒன்றுமே இல்லை!

"காலிச் சாக்கைக் கட்டி எவன்யா பொணத்தை முழுக வைப்பான்?"

நாலடி தள்ளியிருந்து பக்தவச்சலம் கையை நீட்டினார். "சார்... சாக்குல செவப்பு பெயின்ட்ல மார்க் இருக்குது பாருங்க! நம்ம மரக்காணம் உப்பளத்து சாக்கு சார்! உள்ள இருந்தது உப்பு! கரைஞ்சிப் போச்சு! கனம் போனதும் பொணம் மேல வந்துடுச்சு!"

செல்வநாதன் திகைத்துப் போனார். பக்தவச்சலம் சர்வீஸில் சேர்ந்த பிறகு சொன்ன முதல் உருப்படியான விஷயம் அது.

"மார்க் யாரோடது?"

"குழந்தைசாமி அளம் சார்."

"குழந்தைசாமியா?" தட்சணாமூர்த்தி திடுக்கிட்டான். "ஐயோ சார்! ஏரியில திருட்டு வலை போட்டான்னு ஆபீசர் அவன் வலையைப் புடுங்கிட்டாரு. டீக்கடையில எல்லார் முன்னாடியும் கத்தினான் சார்... 'உன்னை உப்புல போட்டு ஊறுகா ஆக்கிடுவேன்'னு!"

அதற்கு மேல் என்ன வேண்டும்? சாயங்காலத்துக்குள் குழந்தைசாமி லாக்கப்பில் இருந்தான்.

டி.எஸ்.பி. போனிலேயே தீர்ப்பு எழுதினார்.

"பிரமாதம் செல்வநாதன்! க்ளீன் கேஸ்!"

"சார், உப்பு கரையும்னு தெரியாமயா..."

"யோவ், அவன் உப்புப் பாத்தியில பாத்திருக்கியா? உப்பு தண்ணிக்கடியிலயே படிஞ்சி கிடக்குது, கரையவா செய்யுது? அதையே பாத்துப் பாத்து, எல்லாத் தண்ணியிலயும் அப்படியே கிடக்கும்னு நெனைச்சிட்டான். பழக்க தோஷம்! காலையில கோர்ட்டுல ஆஜர் பண்ணிடு. தூக்கு நிச்சயம்!"

மறுநாள் காலை ஜீப் உப்பளத்துச் சாலையில் போனது. பின் சீட்டில் விலங்கோடு குழந்தைசாமி.

"தூக்குல போட்டுடுவாங்களா சார்?"

"போட்டாலும் போடுவாங்க. ஏம்பா, ஊறுகா போடுவேன்னு ஊர் பூராக் கத்தினே இல்ல?"

"வலையைப் புடுங்கிட்டா வாய்க்கு வந்ததைக் கத்தமாட்டாங்களா சார்? எம் பொண்டாட்டி தினமும் என்னை உசுரோட கொளுத்திடுவேன்னுதான் கத்துது. கொளுத்திட்டாளா?"

செல்வநாதனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். அப்போதுதான் வானம் கறுத்தது.

பொட்டென்று கண்ணாடியில் ஒரு துளி. இன்னொன்று. கோடை மழை!

உப்பளம் முழுக்க ஒரே கூச்சல். பாத்தியில் நின்றவர்கள் எல்லாம் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெண்கள் பனையோலைகளை இழுத்துக்கொண்டு வந்து வெள்ளை வெள்ளையாய் நின்ற உப்பு அம்பாரங்களை மூடினார்கள். ஒரே ஒரு அம்பாரம் மட்டும் பாதி திறந்து கிடந்தது. ஒற்றைப் பெண்பிள்ளை ஓலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"சார்! சார்! வண்டிய நிறுத்துங்க சார்!" குழந்தைசாமி அலறினான். "அது என் அம்பாரம் சார்! எம் பொண்டாட்டி பாஞ்சாலை ஒண்டியா கெடக்குறா! எல்லாம் கரைஞ்சிடும் சார்!"

"யோவ், உன்னைத் தூக்குல போடப் போறாங்க! இப்ப உப்புதான் முக்கியமா?"

"தூக்கு எப்பவோ சார்! மழை இப்ப பெய்யுது சார்!"

செல்வநாதன் அவனையே பார்த்தார். பிறகு விலங்கைக் கழற்றிவிட்டார்.

"ஓடறான் சார்! அக்யூஸ்டு ஓடறான்!" பக்தவச்சலம் லத்தியைத் தூக்கினார்.

"எங்கய்யா ஓடறான்? கண்ணைத் திறந்து பாரு!"

குழந்தைசாமி நேரே அம்பாரத்துக்குத்தான் ஓடினான். ஓலையை வாரி வாரிப் போட்டான். பாஞ்சாலை அவனைத் திட்டிக்கொண்டே அழுதாள். எல்லாவற்றையும் மூடி முடித்துவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்தபடி ஜீப்புக்குத் திரும்பி வந்து இரண்டு கையையும் நீட்டினான்.

"மாட்டுங்க சார்."

செல்வநாதனுக்கு வெட்கமாக இருந்தது. இந்த மனிதனைத் தூக்குமேடைக்கு அனுப்பும் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று நெஞ்சு உறுத்தியது.

"பக்தவச்சலம்! நாலு தூறல் விழுந்ததும் இந்த ஊரே எதுக்குய்யா ஓடுது?"

"உப்பு கரைஞ்சிடுமேன்னு சார்."

"அப்ப நல்ல தண்ணியில உப்பு கரையும்னு உப்பளத்துக்காரனுக்குத் தெரியாதா?"

"தெ... தெரியும் சார்!"

"அப்புறம் எவன்யா உப்பைக் கட்டுவான்?"

"யாராவது முட்டாள் சார்!"

"இல்லய்யா... புத்திசாலி! கரையும்னு தெரிஞ்சே கட்டியிருக்கான். பொணம் கொஞ்ச நாள் உள்ள இருக்கணும். அப்புறம் தானா மேல வரணும். பழி சாக்குல இருக்கற மார்க் மேல விழணும்!"

"பொணம் மேல வந்தா யாருக்கு சார் லாபம்?"

"அதைக் கேக்கத்தான் போறோம். ஏறுய்யா, வண்டியத் திருப்பறேன்!"

சர்வே ஆபீஸில் தட்சணாமூர்த்தி உட்கார்ந்திருந்தான். துண்டு போர்த்திய நாற்காலியில். போன வாரம் வரை காசிலிங்கம் உட்கார்ந்த நாற்காலி!

"வாங்க சார்! குழந்தைசாமியை ஆஜர் பண்ணியாச்சா?"

செல்வநாதன் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்.

"எல்லாம் கெட்டுது தட்சணாமூர்த்தி. காசிலிங்கத்தோட சம்சாரம் வசந்தா வேலூர்லேர்ந்து வந்தாங்க. பொணத்தைப் பாத்துட்டு, இது எங்க வீட்டுக்காரர் இல்லேன்னு அடிச்சிச் சொல்லிட்டாங்க."

"எ... என்ன சார்?"

"அந்தக் கட்டம் போட்ட சட்டையத் தீபாவளிக்குப் பாதி தமிழ்நாடு போட்டிருந்துச்சாம். அதனால, பொணம் யாரோ அநாதை. உங்க ஆபீசர் வெறுமனே காணாமப் போனவர். எங்கயாவது சாமியாராப் போயிருப்பாரு."

"அப்ப... அப்ப இந்த போஸ்ட்?"

"அவர் பேர்லயேதான் இருக்கும். காணாமப் போனவனைச் செத்தவன்னு சொல்ல ஏழு வருஷம் ஆகுமே! நீங்க தாராளமாக் காத்திருங்க."

தட்சணாமூர்த்தியின் முகம் வெளிறியது. நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"அது அவர்தான் சார்! சத்தியமா அவர்தான்!"

"சம்சாரத்துக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"சட்டையக் கழட்டிப் பாருங்க சார்! இடுப்புல அரைஞாண் கயிறு இருக்கும்! அதுல ஆபீஸ் பீரோ சாவியை நைலான் நூலால மூணு முடிச்சு போட்டுக் கட்டியிருக்கும் சார்!"



செல்வநாதன் நிதானமாகச் சிரித்தார்.

"இருந்துச்சு. வசந்தா இன்னும் வேலூர்லேர்ந்து கிளம்பவே இல்ல, அது நான் விட்ட சரடு. நேத்து ஆஸ்பத்திரியில சட்டையக் கழட்டினப்புறம்தான் எங்களுக்கே தெரியும். டாக்டரையும் என்னையும் தவிர யாருக்கும் சொல்லல. மூணு முடிச்சு விவகாரம் சம்சாரத்துக்குத் தெரிஞ்சா நியாயம். உனக்கு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"அ... அவர் எப்பவும் அப்படித்தான் சார் வெச்சிருப்பாரு..."

"எப்பவுமா? தினம் பீரோவைத் திறக்க நைலான் நூலை அறுத்து, திரும்ப மூணு முடிச்சு போடுவாரா? முகத்தை மீன் தின்னாலும் ஆள் யாருன்னு தெரியணும். அதுக்காக அடையாளம் கட்டித் தண்ணியில விட்டிருக்கே. மீனுக்கு வில்லை கட்டின கையி, சும்மா இருக்குமா?"

தட்சணாமூர்த்தி தலை குனிந்தான். நாற்காலியை மட்டும் விடவில்லை.

"சர்வே போட்லயேவா அடிச்சே?"

"துடுப்பால ஒரே அடி சார்..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முன்னாடியே உப்பளத்துச் சாலையோரத்துலேர்ந்து குழந்தைசாமியோட உப்பு மூட்டையை எடுத்துப் போட்ல வெச்சிருந்தேன்."

"ஏன்யா? இன்னும் கொஞ்ச வருஷம் பொறுத்தா அவர் ரிடையர் ஆகிட்டிருப்பாரே!"

தட்சணாமூர்த்தி நிமிர்ந்தான். அவன் கண்ணில் இப்போது வந்தது நிஜமான கண்ணீர்.

"எனக்கும் அவருக்கும் ஒரே நாள்ல பொறந்த நாள் சார்! அவர் ரிடையர் ஆகற அன்னிக்கே நானும் ரிடையர்! இந்த நாற்காலியில ஒரு நாள்... ஒரே ஒரு நாள் கூட..."

விலங்கு மாட்டும்போது அவனை நாற்காலியிலிருந்து பிரிப்பதற்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது.

வெளியே ஜீப்பில் குழந்தைசாமி காத்திருந்தான். செல்வநாதன் அவன் தோளைத் தட்டினார்.

"நீ வீட்டுக்குப் போ. பாஞ்சாலை கொளுத்தறதுக்கு ரெடியா இருப்பா."

குழந்தைசாமி கும்பிட்டான். சிரித்தான். பிறகு அழுதான். எதுவும் சொல்லத் தெரியாமல் சாலையில் இறங்கி ஓட்டமும் நடையுமாய்ப் போனான்.

பக்தவச்சலம் தலையைச் சொறிந்தபடி கிட்டே வந்தார்.

"சார்... ஆபீசர் செத்துட்டாரு. அசிஸ்டென்ட் உள்ள போயிட்டான். அப்ப இந்த ஆபீஸ்ல இப்ப ரெண்டு போஸ்ட் காலி! நம்ம மச்சான் ஒருத்தன் பி.எஸ்ஸி. படிச்சிட்டு சும்மாதான் இருக்கான் சார்..."

செல்வநாதன் ஜீப்பை ஸ்டார்ட் செய்தார்.

"அப்ளிகேஷன் போடச் சொல்லுய்யா. மறக்காம லைஃப் ஜாக்கெட்டோட இன்டர்வியூவுக்கு வரச் சொல்லு!"