ரோஜா மேல் யார் கண்?

எங்கள் அரபு நாட்டு அரியானா ஊரில் ரோஜா இல்லாத வீடு கிடையாது. ரோஜாவை வைத்துச் சண்டை வராத தெருவும் கிடையாது. ஆனாலும் முஃபீதாவும் ஸாஸியாவும் பேச்சை நிறுத்திக்கொண்ட மாதிரி ஒரு சண்டையை எங்கள் தெரு பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடமாக ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று, தெருவில் ஒருவர் விடாமல் எல்லோரைப் பற்றியும் பேசித் தீர்த்தவர்கள்!

எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. ஸாஸியா ஒரு தட்டு நிறைய கூஸ்கூஸ் என்ற கோதுமை ரவைச் சோறு கொண்டுவந்தாள். வந்தவள் முற்றத்து ரோஜாச் செடியைப் பார்த்துவிட்டாள்.

"அடேயப்பா, முஃபீதா! எத்தனை மொட்டு! இவ்வளவு நான் பார்த்ததே இல்ல!"

இப்படிப் புகழ்ந்தால், கூடவே "தபாரகல்லா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். சொன்னால் கண் படாது. ஸாஸியா சொல்லவில்லை. சொல்லித்தான் இருப்பாள், பாவம், வாயில் பேரீச்சம்பழம் இருந்தது.

பத்தே நாளில் மொட்டுகள் தலை தொங்கின. இலைகள் சுருண்டன.

"எல்லாம் அவ கண்ணுதான்!" என்றாள் முஃபீதா.

செடியில் ஒரு காய்ந்த மீன் வாலைக் கட்டினாள். ஐந்து சிவப்பு மிளகாயைக் கோத்து மாட்டினாள். சாம்பிராணிப் புகை போட்டாள். செடி கல்யாணத்துக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. மொட்டு மட்டும் விரியவில்லை.

அதற்குப் பிறகுதான் பெரிய தப்பு நடந்தது. ஸாஸியாவின் தட்டை முஃபீதா வெறும் தட்டாகத் திருப்பி அனுப்பினாள். எங்கள் பக்கம் அடுத்த வீட்டுத் தட்டு காலியாகத் திரும்பாது. ஒரு கைப்பிடி பாதாமாவது வைத்துக் கொடுப்போம். வெறும் தட்டைப் பார்த்த ஸாஸியா கதவைச் சாத்தியவள்தான்.

இதில் மாட்டிக்கொண்டவள் முஃபீதாவின் மகள் ஷைமா. ஸாஸியாவின் மகள் துர்ரா அவளுடைய உயிர்த்தோழி.

"இனிமே அந்த வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத!" என்று உத்தரவு வந்துவிட்டது.

இரண்டு பெண்களும் தெருவின் ஆளுக்கொரு ஓரமாகப் பள்ளிக்கு நடந்தார்கள். பார்க்கவே சகிக்கவில்லை.

ஒரு நாள் மாலை ஷைமா செடியைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

"உம்மா, கண்ணு பட்டா ஏன் ஒட்டுது? கண்ணுல பசை இருக்குமா?"

"பேசாம இரு. அதெல்லாம் பெரியவங்க விஷயம்."

பெரியவர்கள் விஷயம் என்றால், பெரியவர்களுக்கும் விடை தெரியாது என்று அர்த்தம். ஷைமாவுக்கு இது ரொம்ப நாளாகவே தெரியும்.

அவளுடைய அப்பா கடிகாரம் பழுது பார்ப்பவர். அவரிடம் கேட்டு ஒரு பூதக்கண்ணாடியை வாங்கிவந்து மொட்டின் அருகே பிடித்தாள். அடடா! மொட்டின் கழுத்தைச் சுற்றிப் பச்சைப் பச்சையாகச் செடிப்பேன்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிச் சாறு குடித்துக்கொண்டிருந்தன. ஒரு எறும்பு வந்து ஒரு பேனின் முதுகைத் தட்டியது. பேனிலிருந்து ஒரு துளி வந்தது. எறும்பு அதைக் குடித்துவிட்டு அடுத்த பேனிடம் போயிற்று.

"ஓ, பால் கறக்குறீங்களா!" என்றாள் ஷைமா. அந்தத் துளியால்தான் இலையெல்லாம் ஒட்டுகிறது.

அவள் சுவரில் இருந்த ஓட்டையில் வாயை வைத்தாள். "உஸ்... துர்ரா! உங்க ரோஜாவுல பேன் இருக்கா பாரு."

"எங்க செடிக்கு யாரு கண்ணு வைப்பா? அதுல மொத்தமே மூணு பூ." இலையைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஏய், இருக்கு! ஆனா கொஞ்சம்தான். கூடவே கறுப்பா ஒரு புழு. ஆரஞ்சுப் புள்ளி வெச்ச குட்டி முதலை மாதிரி இருக்கு."

"அதுவா! அதுதான் செடியைக் கெடுக்குதுன்னு எங்க உம்மா தினமும் செருப்பால அடிக்கிறாங்க."

"இது செடியைக் கடிக்கவே இல்லையே. பேனைத்தான் கடிக்குது!"

ஷைமா உடனே நம்பிவிடவில்லை. ஓட்டை வழியாக ஒரு புழுவை வாங்கினாள். தேநீர்க் கோப்பையில் ஒரு இலையைப் போட்டு, அதில் பத்துப் பேன்களையும் அந்தப் புழுவையும் விட்டு, மேலே துணியைக் கட்டினாள். மறுநாள் பள்ளி விட்டு வந்து எண்ணினாள். இரண்டு பேன்கள்தான் மிச்சம். புழு குண்டாகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. தண்ணீரை வேகமாக அடித்து முடிந்தவரை பேன்களை உதிர்த்தாள். பேன்களுக்குக் காவல் நிற்கும் எறும்பு ஏறாமல் இருக்க, தண்டைச் சுற்றிக் காகிதம் கட்டி அதில் வாஸ்லின் களிம்பு தடவினாள். துர்ரா தீப்பெட்டியில் தந்த ஏழு புழுக்களை மொட்டுகளின் மேல் விட்டாள்.

அப்போது முஃபீதா வந்துவிட்டாள். "ஐயோ, மறுபடியும் அந்தப் பிசாசுப் புழு!" செருப்பு கையில் ஏறியது.

ஷைமா குறுக்கே நின்றாள். "ஒரே ஒரு தடவை பாருங்க, உம்மா. அப்புறம் அடிங்க."

முஃபீதா வேண்டாவெறுப்பாகப் பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். இரண்டு நிமிடம் பேச்சே இல்லை. எங்கள் தெருவில் யாரும் இதை நம்பமாட்டார்கள்.

"இது... பேனை முழுங்குதே!"

"பொறிவண்டுக் குஞ்சு, உம்மா. வளர்ந்தா சிவப்புச் சட்டை போட்டுக்கும். அப்படி மாறுனதை துர்ரா பார்த்தாளாம்."

"அப்போ நான் அடிச்சதெல்லாம்?"

"நம்ம ஆளுங்கதான்."

செருப்பு மெதுவாகக் கீழே இறங்கியது. "இதெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"சுவருக்கு அந்தப் பக்கத்துல இருந்து. அவங்க செடியிலயும் பேன் இருக்கு, உம்மா. அதுக்கு யாரு கண்ணு வெச்சாங்க?"

முஃபீதா யோசித்தாள். "நான் வைக்கல. அவ செடி நல்லா இருக்குன்னு நான் ஒரு நாளும் சொன்னதே இல்லையே..." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். பிறகு சுவர் அருகே போனாள். "ஸாஸியா! வீட்டுல இருக்கியா?"

"இல்ல!" என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"இங்க வந்து பாரு, உன் வீட்டுப் புழு என் வீட்டுல என்ன பண்ணுதுன்னு."

"இப்ப என் புழு மேலயும் பழியா?"

"இல்லடி. தப்பு என் மேலதான். வா."

அந்தப் பக்கம் கதவுத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம். முதலில் ஓடிவந்தவள் துர்ரா.

"என்னவாம்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஸாஸியா உள்ளே வந்தாள். பூதக்கண்ணாடியில் பார்த்ததும் முகம் தானாக இறங்கிவிட்டது. "அட, அந்தக் குண்டனைப் பாரேன்! நம்ம தெருக்கோடி ரொட்டிக்கடைக்காரன் மாதிரியே திங்கிறான்!"

"இந்தா, நானும் பார்க்கணும். தள்ளு!"

"இருடி, இன்னும் முழுங்கி முடிக்கல!"

இரண்டு தலைகளும் ஒரே செடிமேல் கவிழ்ந்தன. புழுவில் ஆரம்பித்த பேச்சு ரொட்டிக்கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டது. சமையலறையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது.

"உங்க உம்மாகிட்ட சொல்லேன்" என்றாள் துர்ரா.

"உஷ்! இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க."

ஷைமா பூனைபோல உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அன்று மதியம் இரண்டு வீட்டாரும் ஒரே முற்றத்தில் உட்கார்ந்து ரொட்டியை மிளகாய் விழுதில் தொட்டுத்தான் சாப்பிட்டார்கள். குழம்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.