பதினோரு நொடி

காலை 9.20.

மெல் ஓப்ஸ்டாட் இசைத்தட்டின் அட்டை உறைக்குள் கையை விட்டான். கை வெறுமனே திரும்பி வந்தது. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தான்.

"தட்டு இல்ல," என்றான், யாரிடம் சொல்வது என்று தெரியாமல்.

ஸ்டுடியோவின் ஆறாம் படப்பிடிப்புத் தளத்தில் அப்போது நாற்பது பேர் இருந்தார்கள். குதிரை லாயம், கிணறு, மரவேலி எல்லாம் தயார். கிணற்றடியில் கிதாரோடு நின்றிருந்தார் லைல் டாரன்ட். அவர் பாட்டு மூன்று வாரத்துக்கு முன்பே பதிவாகிவிட்டது. தட்டைச் சுழல விட வேண்டியது மெல்லின் வேலை. அதற்கு வாயசைக்க வேண்டியது டாரன்டின் வேலை. தட்டு இல்லையென்றால் நாற்பது பேருக்கும் வேலை இல்லை.

வெர்னா ஹோல்கம் மடக்கு நாற்காலியில் இருந்தபடியே நேரத்தைக் குறித்துக்கொண்டாள். வயது ஐம்பத்தொன்று. படத்தின் தொடர்ச்சியைப் பார்ப்பவள் அவள்தான். முந்தின ஷாட்டில் கோப்பை எந்தக் கையில் இருந்தது, எந்தப் பொத்தான் திறந்திருந்தது, ஷாட் எத்தனை நொடி ஓடியது எல்லாம் அவள் நோட்டில் இருக்கும். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். மற்றவர்கள் பார்க்காமல் விட்டதைப் பார்த்துப் பார்த்தே பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போதெல்லாம் பார்ப்பதே அலுப்பாக இருந்தது.

அன்றைய பக்கத்தில் அதற்கு முன் ஒரே ஒரு குறிப்புதான். '8.50. ஒத்திகை, தட்டு இல்லாமல். டாரன்ட் தானே முணுமுணுத்தபடி லாயத்திலிருந்து கிணறு வரை. 2 நிமிடம் 52 நொடி. பழுப்புத் தொப்பி. வெள்ளைத் தொப்பி இருக்க வேண்டும். கேட்டதற்கு, ஒத்திகைதானே என்றார்.'

9.35.

தயாரிப்பு நிர்வாகி ஹார்லன் ப்ரீஸ் வந்து சேர்ந்தார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசினால்தான் ஆட்களுக்குப் பயம்.

"எங்க வச்ச?"

"நான் எங்கயும் வைக்கல சார். ஏழரைக்குத் தட்டு வந்துச்சு. உறையத் திறந்து பாத்தேன், இருந்துச்சு. மிஷின் பக்கத்துல வச்சுட்டு எட்டு மணிக்குக் காப்பி வண்டிக்குப் போனேன். எட்டு இருபதுக்குத் திரும்பிட்டேன்."

"வந்து பாத்தியா?"

"உறை வச்ச இடத்துலயே இருந்துச்சு. லஞ்ச் டப்பா வச்ச இடத்துல இருந்தா, உள்ள சாண்ட்விச் இருக்குன்னுதானே சார் நினைப்போம்."

"பன்னெண்டு மணி வரைக்கும் டைம். தட்டு வரலன்னா போலீஸ்தான் வரும். அதுக்கப்புறம் இந்த ஊர்ல எந்த ஸ்டுடியோ வாசலும் உனக்குத் திறக்காது."

மெல்லுக்கு அது வெறும் மிரட்டல் இல்லை. முன்பு இருந்த ஸ்டுடியோவில் வேலைநிறுத்தத்தில் நின்றதற்காக வேலை போய், பதினான்கு மாதம் வீட்டுக்கு வீடு ரேடியோ பழுது பார்த்துத் திரிந்தவன் அவன். இன்னொரு கதவு மூடினால் திறக்க வேறு கதவு கிடையாது. அவன் வெர்னாவைப் பார்த்தான்.

"நீங்களாவது சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதுறீங்கல்ல."

"நான் எட்டரைக்குத்தான் வந்தேன், மெல்."

"அப்ப நீயே விசாரி, வெர்னா," என்றார் ப்ரீஸ். "எப்படியும் ரிப்போர்ட் எழுதப்போறது நீதான்."

கிணற்றடியிலிருந்து டாரன்ட் குரல் கொடுத்தார். "இதுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம், ஹார்லன்? நான் வீட்ல பழகுற தட்டு என் கார்ல கிடக்கு. அதே பாட்டுதானே. அதப் போட்டு எடுத்துட்டுப் போவோம்."

"வேணாம்," என்றார் ப்ரீஸ், சட்டென்று. "வேற தட்டுல பாட்டப் பதிஞ்சு தரச் சொல்லியிருக்கேன்."

"எப்ப வரும்?"

"அஞ்சு மணிக்கு. தட்டுல பாட்டு பதியுற மிஷினப் பிரிச்சுப் போட்டிருக்காங்களாம்."

"ரெண்டு மணிக்கு செட்டையே பிரிக்கப் போறாங்களே."

"பன்னெண்டு வரைக்கும் பாப்போம்," என்று முணுமுணுத்தார் ப்ரீஸ்.

10.05.

வாசல் காவலாளியிடம் போனாள் வெர்னா. எட்டிலிருந்து எட்டு இருபதுக்குள் உள்ளே வந்தவர்கள் மூன்று பேர். உடைப் பிரிவிலிருந்து தொப்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு டாரன்ட். கையில் செய்தித்தாளோடு இளம் நடிகன் கிப் ரென்ஷா. வெறுங்கையோடு ப்ரீஸ்.

"வெளிய யாராவது எதையாவது எடுத்துட்டுப் போனாங்களா?"

"பதினாறு அங்குலத் தட்டு மேடம். சாப்பாட்டுத் தட்ட விடப் பெருசு. கோட்டுக்குள்ள வச்சா கழுத்துக்கு மேல எட்டிப் பாக்கும். என் கண்ணத் தாண்டி எதுவும் போகல."

அப்படியானால் தட்டு தளத்துக்குள்தான் இருக்கிறது.

10.15.

கிப் ரென்ஷா வேலி மேல் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தான். இருபத்தாறு வயது, பல்வரிசை மட்டுமே வாரம் ஐந்நூறு டாலர் பெறும்.

"உன் ஷாட் பதினொண்ணுக்கு. எட்டேகாலுக்கே ஏன் வந்த?"

"குதிரையோட சமாதானம் பேச. நேத்து ரெண்டு தடவ கீழ தள்ளிருச்சு."

"டாரன்ட் பாட்டு இல்லன்னா பாட்டு உனக்கு வரும். அப்படித்தானே?"

"மிஸ் ஹோல்கம், நான் வாயத் திறந்தா அந்தக் குதிரை கயித்த அறுத்துக்கிட்டு ஓடிடும். என்னைப் பாட வைக்கிற அளவுக்கு இந்த ஸ்டுடியோ இன்னும் நொடிச்சுப் போகல." ஆப்பிளின் நடுத்தண்டை வைக்கோலில் எறிந்தான். "எங்கம்மா பெரியவர் பாட்டக் கேட்டா இப்பவும் அழுவாங்க. அவர் தட்ட எடுத்துட்டு நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

10.40.

காவலாட்கள் பியானோவுக்குள் பார்த்தார்கள். வைக்கோலைக் கிளறினார்கள். அட்டைக் கிணற்றுக்குள் ஒருவன் இறங்கித் தும்மிக்கொண்டே ஏறினான்.

"டாரன்டோட ரூம்?" என்று கேட்டாள் வெர்னா. தளத்தின் மூலையில் சக்கரம் வைத்த அறை அது.

"கதவுகிட்ட நின்னு எட்டிப் பாத்தோம். நட்சத்திரம் கூப்பிடாம உள்ள கால் வச்சா எங்க வேலை போயிடும், மேடம்."

10.50.

வெர்னா மெல்லின் மேஜைக்குப் போய் வெற்று உறையை எடுத்துப் பார்த்தாள். ஒலிப் பிரிவின் கோழிக்கிறுக்கல். பாட்டின் பெயர். படத்தின் எண். பதிவான நாள், இந்த வாரம் செவ்வாய். நீளம், 2 நிமிடம் 52 நொடி.

இன்று வெள்ளி. டாரன்ட் இந்தப் பாட்டைப் பாடியது மூன்று வாரத்துக்கு முன். அன்று பதிவறையில் வெர்னாவும் இருந்தாள்.

உறையோடு நேரே ப்ரீஸிடம் போனாள்.

"செவ்வாய்க்கிழம யார் பாடினது?"

ப்ரீஸ் அவளை ஓரமாக அழைத்துப் போனார். "மெதுவாப் பேசு. லைலோட மேல் சுரம் உடையுது. மேலிடத்துல கேட்டுட்டு உதட்டப் பிதுக்கிட்டாங்க. வேற ஒருத்தனக் கூட்டிட்டு வந்து பாட வச்சோம். அரை மணி நேர வேலை."

"லைலுக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. செட்ல தட்டப் போட்டப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நாப்பது பேர் முன்னாடி அவர் சண்ட போட மாட்டார்." ப்ரீஸ் மெல் இருந்த பக்கம் பார்த்தார். "இவனுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு. டாரன்டுக்குக் குரல் போச்சுன்னு ஏதாவது பத்திரிகைக்குத் தட்ட வித்திருப்பான்."

"மெல் தட்டப் போட்டுக் கேக்கவே இல்ல. உறையத்தான் திறந்து பாத்தான்."

"நீ சொன்னா ஆச்சா?"

11.10.

வெர்னா நாற்காலிக்குத் திரும்பி நோட்டைப் புரட்டினாள். நேற்று மாலை டாரன்டின் அதே நடை, அதே கிணறு, மூன்று ஒத்திகை. இரண்டு நாற்பத்தொன்று. இரண்டு நாற்பத்தொன்று. இரண்டு நாற்பது.

இன்று காலை எழுதியதை மறுபடி படித்தாள். காலையில் அதைக் களைப்பு என்று நினைத்திருந்தாள். ஒன்பது படம் அவரோடு வேலை செய்தும் அப்படி நினைத்தது அவள் தப்பு.

நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து மூலை அறைக் கதவைத் தட்டினாள்.

11.25.

டாரன்ட் கண்ணாடி முன் இருந்தார். நாற்பத்தெட்டு வயதை ஒப்பனை நாற்பதாக்கியிருந்தது. இண்டியானாவில் தேவாலயப் பாடகர் குழு, பிறகு ஊர் ஊராக மேடை, பேசும் படம் வந்ததும் வெல்வெட் கோட்டில் இளவரசன், அது சலித்ததும் குதிரை மேல் ஏறிய கௌபாய். எல்லா வேஷத்தையும் தூக்கி நிறுத்தியது ஒரே குரல்தான்.

"உக்காரு, வெர்னா. கண்டுபிடிச்சியா?"

"தொப்பிப் பெட்டியத் திற, லைல்."

அவர் அசையவில்லை. "எதுக்கு?"

"நேத்து ஷாட்ல நீ வெள்ளத் தொப்பியோட லாயத்த விட்டு வெளிய வந்த. இன்னிக்கும் அதுதான் வேணும். காலைல உடைப் பிரிவுல இருந்து நீயே பெட்டியத் தூக்கிட்டு வந்த. ஆனா பழசு ஒண்ண மாட்டிக்கிட்டு ஒத்திகைக்கு வந்து நின்ன. அந்தப் பெட்டியத் திறக்க முடியாத ஆள் மட்டும்தான் அப்படிச் செய்வான்."

"தொப்பிய வச்சா என்னைத் திருடன்ற?"

"தொப்பி ஒரு சந்தேகம், அவ்வளவுதான். உன்னைக் காட்டிக் குடுத்தது உன் கால்." ஸ்டாப்வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "உன் பாட்டு ரெண்டு நாப்பத்தொண்ணு. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஒரு நொடிக்கு மேல பிசகல. இந்த ஊர்ல உன்ன மாதிரி வாயசைக்க ஆள் கிடையாது. தட்டு இல்லாட்டியும் உன் உடம்புக்குள்ள தட்டு ஓடும். இன்னிக்குக் காலைல பதினோரு நொடி கூடுதலா நடந்த. ரெண்டு அம்பத்திரண்டு. நேத்து வரைக்கும் நீ கேக்காத ஒரு பாட்டோட நீளம் அது. காணாமப்போன தட்டோட நீளம். அதக் கேட்டவன் மட்டும்தான் அப்படி நடக்க முடியும்."

டாரன்ட் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"மூணு தடவ கேட்டேன். மெல் காப்பிக்குப் போயிருந்தான். என் பாட்டு எப்படி வந்திருக்குன்னு ஹெட்போன்ல கேக்க ஆசையா உக்காந்தேன். முதல் தடவ மிஷின் கோளாறுன்னு நினைச்சேன். ரெண்டாவது தடவ என் காது கோளாறுன்னு." கையைப் பிசைந்தார். "மூணாவது தடவ கேட்டேன் பாரு, அப்பதான் மனசுல உக்காந்துருச்சு போல. ஒத்திகைல பழைய மாதிரிதான் நடந்தேன்னு நினைச்சேன்."

"கார்ல இருக்கற உன் தட்டுக்கு வாயசைச்சு எடுத்துட்டா, அப்புறம் அந்த இன்னொருத்தன் குரல ஒட்டவே முடியாது. பதினோரு நொடி இடிக்கும். அதானே கணக்கு?"

"படத்துல என் குரல்தான் இருந்தாகணும். வேற வழி இருக்காது அவங்களுக்கு. கெட்ட கணக்கா?"

"நல்ல கணக்கு. அதுல மெல்லை மட்டும் விட்டுட்ட."

"அவனுக்கு ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் கத்துவாங்க, அப்புறம்..."

"பன்னெண்டு மணிக்கு அவனப் போலீஸ்ல குடுக்கறாங்க, லைல். நீ உன் பேரக் காப்பாத்திக்கறதுக்கு அவன் பேரக் குடுக்கற."

வெளியே யாரோ ஏணியை இழுத்துப்போகும் சத்தம் கேட்டது. டாரன்ட் கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லாம விட்டா?"

"நான் பாத்தத எழுதித்தான் பழக்கம். இன்னிக்கு எழுதாம இருக்கலாம்னு பத்து நிமிஷம் உக்காந்து பாத்தேன். மெல் மூஞ்சி வந்து நிக்குது."

அவர் குனிந்து பெட்டியை இழுத்தார். நாடாவை அவிழ்த்தார். வெள்ளைத் தொப்பிக்கு அடியில் கறுப்பாகப் பளபளத்தது தட்டு.

11.50.

டாரன்ட் தட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தளத்தின் நடுவே நடந்து வந்தார். ப்ரீஸ் ஓடி வந்து குறுக்கே நின்றார்.

"கிடைச்சுதா? நல்லது. எங்கயோ இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். மெல், இனிமேலாவது கவனமா..."

"இடம் மாறல," என்றார் டாரன்ட். மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும் குரல், மேடையில் பழகியது. "நான்தான் எடுத்தேன். இதுல பாடியிருக்கறது நான் இல்ல. அதான் எடுத்தேன். மெல்லுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

கிப் ரென்ஷா வேலியிலிருந்து இறங்கி நின்றான்.

ப்ரீஸின் காது சிவந்தது. "இந்தப் படத்தோட உன் ஒப்பந்தம் முடியுது, லைல். தெரியும்ல?"

"காலைல எட்டேகாலுக்கே தெரியும்."

தட்டை மெல்லிடம் நீட்டினார். மெல் வாங்கிச் சட்டைக் கையால் துடைத்தான்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம், மிஸ்டர் டாரன்ட்."

"சொல்லியிருக்கணும்," என்றார் அவர்.

12.30.

ஒரே டேக்கில் முடிந்தது. எவனோ ஒருவனின் குரலுக்கு டாரன்ட் வாயசைத்தார். கழுத்து நரம்பு சரியான இடத்தில் புடைத்தது. மேல் சுரத்தில் கண் தானாக மூடியது. குரல் அவர் நெஞ்சுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று யாரானாலும் சத்தியம் செய்திருப்பார்கள். கேமரா நின்ற பிறகும் யாரும் கைதட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் விளக்குக்காரர்கள் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

டாரன்ட் நெற்றியைத் துடைத்தபடி ப்ரீஸிடம் வந்தார்.

"பாடினவன் பேரென்ன?"

"எதுக்கு?"

"கடைசி வரிய மூச்சு எடுக்காமப் பாடறான். இப்ப முடியும். இப்படியே பாடினா பத்து வருஷத்துல தொண்ட போயிடும். யாராவது அவன்கிட்டச் சொல்லணும்."

"எழுதி வைக்கல, லைல். டைட்டில்ல பேர் போடாத ஆளுக்கு எதுக்குப் பேரு? வந்தான், பாடினான், போயிட்டான்."

டாரன்ட் தலையை ஆட்டிவிட்டு மூலை அறைக்கு நடந்தார்.

வெர்னா அன்றைய அறிக்கைத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஷாட் எண், நேரம், லென்ஸ். கீழே கடைசிக் கட்டம்: பாடியவர். அதன் மேல் பேனா நின்றது.

"இங்க என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

ப்ரீஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லைல் டாரன்ட்னு எழுது."

எழுதினாள்.