இருபத்தோராவது கேள்வி

அப்பாவின் சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. அதில் இருபது கேள்விகள். அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் நத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நத்தை என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். வயது பதினொன்று. முத்து முத்தாக எழுதுவாள். ஆனால் அவள் ஒரு முத்தை வைத்துவிட்டு அடுத்த முத்தை எடுப்பதற்குள் நீங்கள் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். அதனால்தான் வகுப்பில் அந்தப் பெயர் வந்தது. பெயரைப் பற்றி அவளுக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் டஸ்டரைப் பற்றித்தான்.

"எல்லாரும் எழுதியாச்சா?" என்று டீச்சர் கேட்பார். "ஆச்சு டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். சரக், சரக். கரும்பலகை சுத்தம். நத்தையின் நோட்டில் பாதிதான் இருக்கும்.

மீதியை மாலையில் எதிர்வீட்டுத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதுவாள். இப்படியே ஐந்தாம் வகுப்பு முடிந்துவிட்டது. இப்போது தோழி குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி. அங்கே யாரிடம் நோட்டு கேட்பது?

இதைப் பற்றி நத்தை வீட்டில் மூச்சு விடவில்லை. அம்மா அவளுடைய நோட்டைப் புரட்டி, "அச்சடிச்ச மாதிரி இருக்குடி!" என்று பூரித்துப் போவாள். அந்த முகத்தைப் பார்த்து, பாதி நோட்டு தோழியைப் பார்த்து எழுதியது என்று எப்படிச் சொல்வது?

அப்பாவுக்கு லிஃப்டுகளைப் பரிசோதிக்கும் வேலை. ஆளுக்கு ஆள் ஒரு பழக்கம் இருக்கும் அல்லவா? அப்பா யார் வீட்டுக்குப் போனாலும் கதவை இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அத்தை ஒருமுறை, "அண்ணே, நாங்க பத்து வருஷமா இந்தக் கதவு வழியாத்தான் போறோம்!" என்று சொல்லியும் அவர் திருந்தவில்லை. பள்ளிக்கூடம் பார்ப்பதற்கும் லிஃப்டு பார்ப்பது போலவே ஒரு படிவம் தயார் செய்துவிட்டார்.

பார்க்க வேண்டியவை இரண்டு அரசுப் பள்ளிகள். நேற்று பெரிய பள்ளியைப் பார்த்தார்கள். கண்ணாடிச் சுவர், பெரிய மைதானம், மூன்று ஆய்வகம். இருபதுக்குப் பதினெட்டு!

அங்கே கரும்பலகைக்குப் பதிலாகச் சுவர் அகலத்துக்கு ஒரு திரை இருந்தது. நத்தை தன் குட்டி நோட்டை எடுத்து, திரையில் இருந்ததை எழுதிப் பார்த்தாள். முதல் வரி முடிவதற்குள் திரை மாறியது. அடுத்ததை ஆரம்பித்தாள். அதுவும் மாறியது. அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள். அப்பா, 'நவீன வகுப்பறை' என்று எழுதி ஒரு டிக் போட்டார்.

இன்று சின்னப் பள்ளி. மாலை ஐந்து மணிக்குள் எந்தப் பள்ளி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இப்போதே மூன்று ஆகிவிட்டது.

ஒரு டயர் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றது அந்தப் பள்ளி. இரண்டே மாடி. மொத்தம் இருநூறு பிள்ளைகள்.

"மைதானம் எங்கங்க?" என்றார் அப்பா.

"மொட்டை மாடியில" என்றார் தலைமை ஆசிரியை. அவர் கையில் ஒரு வாளி இருந்தது. "பந்து கீழே விழுந்தா டயர் கடைக்காரர் தூக்கிப் போட்டுடுவார். நல்லா குறி பார்த்துப் போடுவார்."

அம்மா களுக்கென்று சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"குழாய் சொட்டுதே?"

"தெரியும். ஆள் நாளைக்கு வர்றார். அதுக்குத்தான் இந்த வாளி."

இன்னொரு பெருக்கல் குறி.

இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் மாடிக்கு ஓடினார்கள். "எல்லா இடத்தையும் சுத்திப் பாருங்க, வாளியை ஊத்திட்டு வந்துடறேன்" என்று தலைமை ஆசிரியை போய்விட்டார். காலியாக இருந்த ஒரு வகுப்பறைக்குள் அப்பா நுழைந்தார். பின்னாலேயே அம்மாவும் நத்தையும்.

அப்பா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். "பெஞ்சுக்கு முதுகு சாயற பலகை இல்ல. போர்டு பாரு, முன்சுவத்துல ஒண்ணு, பின்சுவத்துல ஒண்ணு. எதுக்கு ரெண்டு? அதுலயும் ஒண்ணை அழிக்கவே இல்ல."

உண்மைதான். பின்சுவரில் இருந்த பலகை நிறைய எழுத்து. முன்பலகை துடைத்து வைத்தது போல இருந்தது.

"எத்தனை மார்க்கு?" என்று அம்மா கேட்டாள்.

"ஏழு."

"உங்க கணக்குல நம்ம வீடு எத்தனை வாங்கும்?"

"அதை இப்ப எதுக்குக் கேக்கற?" என்றார் அப்பா அவசரமாக.

ஏழு! அப்படியென்றால் பெரிய பள்ளிதான். மாறிக்கொண்டே இருக்கும் அந்தத் திரைதான். நத்தைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதையாவது பார்த்து அதை அடக்கலாம் என்று கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்பினாள்.

அங்கே ஒரு நோட்டு திறந்து கிடந்தது. நடுவில் ஒரு பென்சில். பக்கத்தில் டஸ்டர். நோட்டில் ஆறு வரி இருந்தது. ஏழாவது வரி பாதியில் நின்றிருந்தது.

அந்தப் பாதி வரியை நத்தைக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய நோட்டிலும் அப்படி எத்தனையோ வரிகள் உண்டு.

அதற்குள் அப்பா வந்து டஸ்டரை எடுத்துவிட்டார். அழுக்கைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. "நாமளே அழிச்சு வச்சிட்டுப் போவோம், பாவம்" என்று பலகையில் டஸ்டரை வைத்தார்.

"அப்பா! அழிக்காதீங்க!"

அறையே அதிர்ந்தது. அப்பா டஸ்டரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இவ்வளவு பெரிய சத்தம் தனக்குள் இருந்தது நத்தைக்கே இன்றுதான் தெரியும்.

"யாரோ இன்னும் எழுதி முடிக்கலப்பா. இதோ பாருங்க, பாதியில நிக்குது."

அப்போது வாசலில் மூச்சு வாங்க ஒரு ஒல்லிப் பெண் வந்து நின்றாள். நத்தையை விட இரண்டு வயது பெரியவளாக இருப்பாள். வாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அழிச்சுட்டீங்களா அங்கிள்?"

"இல்லம்மா" என்றார் அப்பா. டஸ்டரை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்பாடா! தண்ணி குடிக்கப் போனேன். இன்னும் நாலு வரி இருக்கு." அவள் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள்.

நத்தை மெல்லப் பக்கத்தில் போனாள். "அக்கா, உங்க டீச்சர் அழிக்க மாட்டாங்களா?"

"டீச்சரா? டஸ்டரை அவங்க தொடவே மாட்டாங்க. எழுதி முடிச்சவங்க, இன்னும் எழுதிட்டிருக்கறவங்ககிட்ட டஸ்டரைத் தள்ளிவிடணும். கடைசியா யார்கிட்ட நிக்குதோ, அவங்கதான் அழிக்கணும். இன்னைக்கு நான்."

"அப்ப அடுத்த பாடம்?"

"அதான் அந்தப் பக்கம் இன்னொரு போர்டு இருக்கே! காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டுட்டுத் திரும்பிக்குவோம். அதுக்குத்தான் பெஞ்சுல சாய்ஞ்சுக்கப் பலகை இல்ல."

அவள் காலைத் தூக்கிப் போட்டுக் காட்டினாள். அப்பா தன் தாளைப் பார்த்தார். முதுகுப் பலகைக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு போர்டுக்கு ஒன்று. அழிக்காததற்கு ஒன்று.

நத்தை இன்னும் நெருங்கி நின்றாள். இன்னொன்றைக் கேட்டே ஆக வேண்டும். அதைக் கேட்கத்தான் பயமாக இருந்தது.

"கடைசியா முடிச்சா... சிரிக்க மாட்டாங்களா?"

ஒல்லிப் பெண் யோசித்தாள். "முதல்ல ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அப்புறம் அவங்களுக்கே கணக்கு வகுப்புல டஸ்டர் வந்துது. விட்டுட்டாங்க."

நத்தை சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. அம்மா ஓடி வந்து குனிந்தாள். "என்னடா கண்ணு?"

அவ்வளவுதான். தோழியின் நோட்டு, மாலை நேரம், பெரிய பள்ளியின் திரை என்று எல்லாம் கொட்டிவிட்டது. "அந்த நோட்டெல்லாம் அவளைப் பார்த்து எழுதினதும்மா" என்று சொல்லும்போது மட்டும் நத்தை தரையைப் பார்த்துக்கொண்டாள்.

அம்மா அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "எழுத்து உன்னோடதுதானே?" என்றாள்.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"இத்தனை நாளா எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"உங்க தாள்ல அந்தக் கேள்வி இல்லையேப்பா."

அப்பா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தாளின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே '21' என்று போட்டு மெதுவாக எழுதினார்: 'என் மகள் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பார்களா?' அதன் எதிரே தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி ஒரு டிக் போட்டார்.

"இப்ப எட்டு மார்க்கு" என்றாள் அம்மா. "அங்க பதினெட்டு."

"அந்தக் கணக்கெல்லாம் லிஃப்டுக்கு" என்றார் அப்பா. எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலாகப் போகுது. கிளம்புங்க! அந்த டீச்சரம்மா வாளியோட எந்தப் பக்கம் போனாங்க?"

பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு நாள். வரலாற்றுப் பாடம். பலகை நிறைய எழுத்து. டஸ்டர் முன்பெஞ்சிலிருந்து கிளம்பி, கை மாறிக் கை மாறிப் பின்னால் வந்தது. கடைசியில் நத்தையிடம் வந்து நின்றது.

அவள் சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் காலைத் தூக்கிப் போட்டு அந்தப் பக்கம் திரும்பி, அறிவியல் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நத்தை கடைசி வரியையும் முத்து முத்தாக எழுதி முடித்து, டஸ்டரோடு எழுந்தாள்.

அழிப்பதற்கு முன் ஒரு தடவை திரும்பி, "யாராவது எழுதணுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

ஜன்னலோரத்தில் ஒரு கை தயங்கித் தயங்கி உயர்ந்தது. அன்றுதான் சேர்ந்த ஒரு பையன்; டஸ்டர் எதற்கென்று தெரியாமல் தள்ளிவிட்டிருந்தான். "ரெண்டு வரி இருக்கு" என்றான் கெஞ்சும் குரலில்.

நத்தை அவனிடம் போய் டஸ்டரை வைத்தாள்.

"மெதுவா எழுது. அவசரமே இல்ல."