கையெடுக்காமல் போட்ட கோடு

கயல்விழி போட்ட சிக்குக் கோலத்துக்குள் நுழைந்த எறும்பு, வழி தெரியாமல் இரண்டு நாள் அங்கேயே குடியிருந்தது. நம்பாதவர்கள் அந்த எறும்பையே கேட்டுக்கொள்ளலாம். ஆனால் எத்தனை சிக்கல் இருந்தாலும் கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடித்துவிடுவாள்.

அந்தப் பெருமையில், வாசல் கேட்டில் கட்டிய மணிக்கான மின்சுற்றுப் படத்தையும் ஒரே கோட்டில் வளைத்து வளைத்து வரைந்திருந்தாள்.

அது விளையாட்டு மணி இல்லை. தம்பி தணிகைவேல் நடக்கத் தொடங்கிய கையோடு கேட் தாழ்ப்பாளைத் தூக்கவும் கற்றுக்கொண்டான். வெளியே மலைக்குப் போகும் பஸ்கள் பறக்கும் ரோடு. உள்ளே அம்மாவின் தையல் மெஷின் சத்தத்தில் கேட் திறப்பது கேட்காது.

கயல்விழி ஒரு துணி கிளிப்பின் இரண்டு உதட்டிலும் கம்பி சுற்றினாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் அட்டை. அட்டையை நூலால் கேட்டோடு கட்டினாள். கேட் திறந்தால் அட்டை உருவிக்கொள்ளும், கம்பிகள் தொடும், வீட்டுக்குள் மணி அலறும்.

இன்று காலை ஒரு குரங்கு எல்லாக் கம்பியையும் பிய்த்துக் கடித்துப் பார்த்தது. உப்பு போதவில்லை என்று முகம் சுளித்துவிட்டுப் போனது.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. நல்ல வேளை, அம்மையார்குப்பத்திலிருந்து கஜபதி மாமா வந்திருந்தார்.

"மாமா, இந்தப் படத்தைப் பாத்து கட்டிடு!" என்று தாளைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

மாமா விசைத்தறி ஓட்டுகிறவர். அறுந்த நூலை முடிந்து முடிந்தே பழகிய கை. ஒருமுறை பஸ்ஸில் தூக்கக் கலக்கத்தில் பக்கத்து ஆளின் சட்டை நூலைத் தன் சட்டை நூலோடு முடிந்துவிட்டார். அந்த ஆள் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

வகுப்பில் விஜயராகவன் சார், "உன் மணியைப் போர்டுல போட்டுக் காட்டும்மா" என்றார். கயல்விழி சாக்பீஸைப் போர்டிலிருந்து எடுக்காமலே வரைந்து முடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் பெஞ்சு ருக்கு மட்டும் கேட்டாள். "ஏய், இங்க ரெண்டு கோடும் ஒட்டிகினு இருக்கா, தாண்டிப் போவுதா?"

"தாண்டித்தான் போவுது."

"அது உனக்குத் தெரியும். பாக்கறவங்களுக்கு?"

கயல்விழி சிரிக்க வாயைத் திறந்தாள். மாமாவின் முடிச்சுப் போடும் விரல்கள் நினைவுக்கு வந்தன. வாய் மூடிக்கொண்டது.

கோடு தாண்டும் அந்த இடத்தில் மாமா இரண்டு கம்பியையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தால்? கோட்டின் மேலேயே விரலை ஓட்டினாள். பாட்டரியிலிருந்து கிளிப்புக்கு. கிளிப்பிலிருந்து அந்த முடிச்சுக்கு. முடிச்சிலிருந்து குறுக்கு வழியாகப் பாட்டரிக்கே திரும்பிவிடலாம். மின்சாரம் மணியை எட்டிக்கூடப் பார்க்காது.

கேட் திறந்தாலும் மணி அடிக்காது!

"சார், போன் தர்றீங்களா? அம்மாகிட்ட உடனே பேசணும்."

அவள் முகத்தைப் பார்த்த சார் உடனே எடுத்துக் கொடுத்தார்.

"அம்மா, மணி?"

"மாமா கட்டிட்டான்டி. காலைலேர்ந்து ஒரு சத்தம் இல்ல. நிம்மதியா தச்சுகினு இருக்கேன்."

"தம்பி எங்கம்மா?"

"இங்கதான்..." மெஷின் நின்றது. "தணிகா? டேய், தணிகா!"

ஓடும் காலடிச் சத்தம். நீளமாக ஒரு பஸ் ஹாரன். பிறகு ஒன்றுமில்லை.

கயல்விழி போனைக் காதில் அழுத்தினாள்.

"இருக்கான்டி!" அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "கேட்டு தொறந்து கெடக்குது. இவன் படியில உக்காந்துகினு கொரங்குக்குப் பன்னு ஊட்டறான்!"

"கேட்டைக் கயித்தால கட்டும்மா. நான் வர்றவரைக்கும் மணியை நம்பாதே."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் மாமா திட்டு வாங்கிய கன்றுக்குட்டி போலத் தலையைத் தொங்கப் போட்டு நின்றார். "பாட்டரி கொதிச்சிப் போச்சு கயலு. படத்துல இருந்த மாதிரிதான் கட்டினேன்."

"ஆங், மாமா. படம்தான் சரியில்ல."

புதுத் தாளில் கோட்டை வளைக்கக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். இடப்பக்கம் பாட்டரி, மேலே கிளிப், வலப்பக்கம் மணி. நடுவில் நேர்க்கோடுகள். கோலமாகப் பார்த்தால் எறும்புகூட மதிக்காது. ஆனால் எந்தக் கோடும் எதையும் தாண்டவில்லை.

புதுப் பாட்டரியையும் தாளையும் மாமாவிடம் கொடுத்தாள். ஒரு வார்த்தையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மாமா ஒரு சந்தேகமும் கேட்காமல் கட்டி முடித்தார். கயிற்றை அவிழ்த்தார்கள்.

யாரும் சோதித்துப் பார்க்கும் முன்பே தணிகைவேல் போய்த் தாழ்ப்பாளைத் தூக்கினான்.

மணி அலறியது. மதிலில் இருந்த குரங்கு அலறியது. மெஷினை விட்டு எழுந்த அம்மா ஒரே பாய்ச்சலில் வாசலுக்கு வந்தாள்.

"எவன்டா கேட்டைத் தொறந்தது?"

தணிகைவேல் கேட்டைப் பிடித்தபடியே மாமாவைக் கை காட்டினான்.